டினோ ஸோஃப்: கோல்கம்பத்தின் நடுவிலிருந்து பயிற்சியாளர் இருக்கைக்கு

கேட்கப்பட்டிருக்கும் கேள்விகள் மூன்று. கோல்கீப்பராக ஆடியவர்கள் நல்ல பயிற்சியாளர்களாக ஆவதில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையா? நாற்பது வயதில் உலகக் கோப்பையை வென்ற இத்தாலியின் டினோ ஸோஃப்கூடப் பயிற்சியாளராகத் தோற்றுப்போனவர்தானே? அவருடைய முறையைப் புரிந்துகொள்ள எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்? இவற்றுள் இரண்டாவது கேள்விதான் விரிவான பதிலைக் கோருவது. அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும் முடிவை நான் ஏற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் கேள்வியை விரைவாகக் கடந்துவிடலாம். அப்படிப்பட்டவர்கள் குறைவு என்பது உண்மை. இல்லவே இல்லை என்பது உண்மையன்று. 1993-இல் மியூனிக் நகரில் மிலான் அணியை 1-0 என்று வீழ்த்தி, மார்செய் அணிக்கு ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தைப் பெற்றுத் தந்த ரேமோன் கூதால்ஸ், இளமையில் பெல்ஜியத்தில் கோல்கீப்பராக இருந்தவர். அதே நாட்டைச் சேர்ந்த மிஷெல் புரூதோம், ஸ்டாண்டர்ட் லியேஜ் அணி கால் நூற்றாண்டாகக் காணாதிருந்த லீக் பட்டத்தை 2008-இல் அதற்கு மீட்டுக் கொடுத்தார். பிரேசிலின் எமர்சன் லியாவோ 2002-இல் சாண்டோஸ் அணியை நாட்டின் சாம்பியனாக்கினார். ஸ்பெயினின் ஹுலென் லோபெட்டேகி 2020-இல் செவியா அணியோடு யூரோப்பா லீக்கை வென்றார். ஆயினும் நடுக்கள வீரர்களாக இருந்து பயிற்சியாளர்களானவர்களைச் சொல்லத் தொடங்கினால் மூச்சு விடாமல் சொல்லலாம். கோல்கீப்பர்களை இப்படித் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கோல்கீப்பரால் மைதானம் முழுவதையும் பார்க்க முடியும், ஆகவே அவர் இயல்பாகவே ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்று சிலர் அவர்களுக்காக வாதாடுவதுண்டு. எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை கிடையாது. எழுபது மீட்டருக்கு அப்பால் எதிரணியின் பெனால்டிப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்பது ஒன்று, முதுகில் ஒருவன் இடித்துக்கொண்டிருக்கும்போது பந்தை வாங்கித் திரும்புவதன் சிரமத்தை உடலால் அறிந்திருப்பது வேறொன்று. பயிற்சியின் பெரும்பகுதியைக் கோல்கீப்பர்கள் அணியிலிருந்து விலகித் தனியாகவே செய்கிறார்கள் என்பதும், அணி உரிமையாளர்களுக்கு அவர்களைப் பற்றி உள்ள தயக்கமும் சேர்ந்துதான் இந்த எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்கின்றன என்பது என் கருத்து. அவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஏதாவது இருக்கிறதென்றால், அது தவறோடு அவர்களுக்குள்ள உறவு. முன்கள வீரர் நான்கு வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு ஐந்தாவதில் கோல் அடித்தால் நாயகன். கோல்கீப்பர் நான்கைத் தடுத்து ஐந்தாவதை விட்டால் அந்த ஐந்தாவதுதான் மறுநாள் செய்தித்தாளில் வரும். ஸோஃபின் வாழ்க்கையில் இந்தக் கணக்கு அவர் கையுறையைக் கழற்றிய பிறகும் அவரை விட்டு நீங்கவில்லை. அவரைப் பற்றி நான் சொல்லவிருப்பதன் சாரம் இவ்வளவுதான்.

ஸோஃப் 1942 பிப்ரவரி 28 அன்று, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியூலி பகுதியிலுள்ள மரியானோ என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் இன்டர் மிலான், யுவென்டஸ் ஆகிய இரு பெரிய அணிகளும் அவரைச் சோதித்துப் பார்த்து, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பின. பேரன் வளர வேண்டும் என்று பாட்டி அடெலெய்டே நாள்தோறும் எட்டு முட்டைகளைத் தின்னச் செய்தார் என்பது இத்தாலியில் எல்லோரும் அறிந்த கதை. முட்டையால் வளர்ந்தாரோ, வயதால் வளர்ந்தாரோ, அடுத்த சில ஆண்டுகளில் ஓர் அடிக்கும் மேலாக உயர்ந்துவிட்டார் என்பது மெய். அதற்கிடையில் மோட்டார் மெக்கானிக் வேலையையும் கற்றுக்கொண்டார். 1961-இல் உடினேசே அணிக்காக இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ-வில் அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் ஃபியோரென்டினா 5-2 என்று வென்றது. அந்த ஐந்து கோல்களையும் சில நாள் கழித்துத் திரையரங்கில் செய்திப்படத்தில் பார்க்க நேர்ந்தபோது, யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று நாற்காலியில் தாழச் சரிந்து உட்கார்ந்துகொண்டார் என்று சொல்வார்கள்.

1963-இல் மான்டோவா அணிக்குப் போனார். அங்கே நடந்த ஒன்றைச் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனெனில் ஸோஃபைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1967 ஜூன் 1, லீக்கின் கடைசி நாள். இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியனாக இருந்த எலெனியோ எரேராவின் இன்டர் அணி, மான்டோவாவுக்கு வந்து வென்றால் பட்டம் அதற்குத்தான். மான்டோவா வீரர் டி ஜாக்கோமோ கடினமில்லாத ஓர் உதையைக் கோலை நோக்கி அனுப்ப, இன்டரின் கோல்கீப்பர் ஜூலியானோ சார்த்தியின் கைக்கு வந்த பந்து நழுவி உள்ளே போயிற்று. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. பட்டம் யுவென்டஸுக்குச் சென்றது. இன்டரின் பொற்காலம் அன்றோடு முடிந்ததாக வரலாறு எழுதப்பட்டது. இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற சார்த்தியின் பெயரைச் சொன்னால் இன்றும் அந்த ஒரு பந்துதான் பலருக்கு நினைவுக்கு வரும். அன்று மைதானத்தின் மறுமுனையில், ஒரு கோலும் விடாமல் நின்ற மான்டோவாவின் கோல்கீப்பர் ஸோஃப். தன் தொழிலில் பெருமை எவ்வளவு எளிதாகக் கைநழுவும் என்பதற்கு அதைவிட நெருக்கமான பாடம் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்குக் கிடைத்திருக்க முடியாது.

அதே ஆண்டு நாப்போலி அவரை வாங்கியது. 1968 ஏப்ரல் 20 அன்று, அந்த நகரிலேயே பல்கேரியாவுக்கு எதிராக நாட்டுக்காக முதன்முறையாக ஆடினார். ஏழு வாரங்களில் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை அவர் கையில் இருந்தது. யூகோஸ்லாவியாவுடனான இறுதியாட்டம் 1-1 என்று சமனில் முடிந்து, இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆடப்பட்டு 2-0 என்று இத்தாலிக்கு வந்தது. ஆனாலும் 1970 உலகக் கோப்பையில் அவர் மாற்று வீரராகத்தான் உட்கார்ந்திருந்தார். பார்க்கக் கவர்ச்சியாகப் பாய்ந்து பிடிக்கும் என்ரிகோ அல்பெர்டோசிக்கே இடம் கிடைத்தது. ஸோஃபிடம் அந்தக் கவர்ச்சி இல்லை. பந்து வரும் கோணத்தை முன்கூட்டியே கணித்து இரண்டடி நகர்ந்து நின்றுவிட்டால் பாய வேண்டிய தேவையே எழாது என்பது அவருடைய ஆட்டம். குத்தித் தள்ளுவதைவிடப் பிடிப்பதையும், பிடித்தபின் சத்தமில்லாமல் அடுத்த வேலையைப் பார்ப்பதையும் அவர் விரும்பினார். இப்படிப்பட்ட கோல்கீப்பரின் திறமை தொலைக்காட்சித் துண்டுப் படங்களில் தெரியாது, பட்டியல்களில்தான் தெரியும்.

1972-இல், பதினான்கு வயதில் தன்னைத் திருப்பி அனுப்பிய யுவென்டஸில் சேர்ந்தார். பதினொரு பருவங்களில் 330 லீக் ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆறு லீக் பட்டங்கள், இரண்டு இத்தாலியக் கோப்பைகள், 1977-இல் அத்லெடிக் பில்பாவோவை வென்று பெற்ற, ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பை ஆகியவை அந்தக் காலத்தின் வரவு. ஐரோப்பிய சாம்பியன் கோப்பை மட்டும் கிட்டவில்லை: 1973-இல் ஆயாக்ஸிடமும் 1983-இல் ஹாம்பர்கிடமும், இரண்டு முறையும் ஒரே கோல் வித்தியாசத்தில், இறுதியாட்டத்தில் தோற்றார். நாட்டு அணியில் 1972 செப்டம்பர் முதல் 1974 ஜூன் வரை 1,142 நிமிடங்கள் ஒரு கோலும் விடாமல் இருந்தார். அந்தத் தொடரை முறித்தது பிரேசிலும் அல்ல, ஜெர்மனியும் அல்ல. மியூனிக்கில் ஹைட்டியின் இம்மானுவேல் சனோன். அந்த ஆட்டத்தை இத்தாலி 3-1 என்று வென்றது. ஆயினும் நினைவில் நிற்பது சனோனின் கோல்தான்.

1978 உலகக் கோப்பையில் கணக்கு இன்னும் கொடுமையாக நேரானது. நெதர்லாந்தின் ஆரி ஹான் வெகு தொலைவிலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் நெலின்யோவும் திர்செயுவும் பெட்டிக்கு வெளியிலிருந்தே கோலடித்தார்கள். ஸோஃபுக்கு வயது முப்பத்தாறு. தூரத்துப் பந்துகள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. நான்கு ஆண்டுகள் கழித்து, பயிற்சியாளர் என்சோ பேர்ட்சோட் அவரையே தலைவராக்கி ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்றார். பேர்ட்சோட்டும் ஃப்ரியூலிக்காரர், இருவரும் அதிகம் பேசாதவர்கள். முதல் மூன்று ஆட்டங்களும் சமனில் முடிய, பத்திரிகைகள் வீரர்களின் சொந்த வாழ்க்கையையும் விட்டுவைக்காமல் தாக்க, அணி செய்தியாளர்களோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டது. அணியின் சார்பில் பேசுவதற்கு ஒருவர் மட்டும் ஒதுக்கப்பட்டார்: அணியிலேயே மிகக் குறைவாகப் பேசும் ஸோஃப். இதைவிடக் கச்சிதமான பழிவாங்கல் இருக்க முடியாது.

ஜூலை 5 அன்று பார்சிலோனாவில் பிரேசிலுக்கு எதிராக நடந்ததை எல்லோரும் பாவ்லோ ரோஸியின் மூன்று கோல்களாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இத்தாலி 3-2 என்று முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில், இடப்புறத்திலிருந்து வந்த ஃப்ரீகிக்கை பிரேசில் தடுப்பாட்டக்காரர் ஆஸ்கார் தலையால் முட்டினார். சமனில் முடிந்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். ஸோஃப் தரையோடு தாழ்ந்து அந்தப் பந்தைக் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்து, அது இம்மிகூட நகராதபடி வைத்துக்கொண்டார். பிரேசில் வீரர்கள் கோல் என்று கைகளை உயர்த்தினார்கள். நடுவர் ஆபிரகாம் க்ளைன் அசையவில்லை. அதைத் தட்டிவிட்டிருந்தால் எதிரே நின்றிருந்த மஞ்சள் சட்டைகளில் ஒன்று உள்ளே தள்ளியிருக்கும். ஆறு நாள் கழித்து மாட்ரிட்டில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றபோது ஸோஃபுக்கு வயது 40. அந்தக் கோப்பையை வென்றவர்களில் அவரைவிட மூத்தவர் யாரும் இல்லை. திரும்பும் விமானத்தில் குடியரசுத் தலைவர் பெர்தினியோடு அவரும் பேர்ட்சோட்டும் சக வீரர் காவ்சியோவும் சீட்டு ஆடும் புகைப்படம் இத்தாலியக் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. 1983-இல், நாட்டுக்காக 112 ஆட்டங்களும் சீரி ஆ-வில் 570 ஆட்டங்களும் முடித்து விலகினார்.

இனிப் பயிற்சியாளர் ஸோஃப். யுவென்டஸில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியளித்துத் தொடங்கி, இத்தாலியின் ஒலிம்பிக் அணியை 1988 சியோல் போட்டிக்குத் தகுதி பெறச் செய்த நிலையில், அந்த ஆண்டே யுவென்டஸ் அவரை முதன்மைப் பயிற்சியாளராக அழைத்தது. அழைத்த நேரம் நல்ல நேரமன்று. முந்தைய ஆண்டு அணியின் நட்சத்திரம் பிளாட்டினி ஓய்வு பெற்றிருந்தார். அணி லீக்கில் ஆறாம் இடத்துக்குச் சரிந்திருந்தது. மறுபுறம் அரிகோ சாக்கியின் மிலான், களத்தின் உயரத்திலேயே எதிரணியை நெருக்கும் புதிய ஆட்டத்தால் நாட்டையே மயக்கிக்கொண்டிருந்தது. நாப்போலியில் மரடோனா, இன்டரில், ஸோஃபுக்கே யுவென்டஸில் பயிற்சியாளராக இருந்த ட்ராபட்டோனி. அந்தப் போட்டிக்கு நடுவே ஸோஃப் இரண்டு பருவங்களிலும் நான்காம் இடம் பிடித்தார். அவரிடம் இருந்தவர்கள் உழைப்பாளிகள்: மரோக்கி, காலியா, குட்டையான போர்த்துகீசியர் ருய் பாரோஸ், மெஸ்ஸினா அணியிலிருந்து வந்த ஸ்கிலாச்சி என்று சொல்லிக்கொண்டு போகலாம்.

1989 செப்டம்பர் 3 அன்று அவருடைய உதவியாளரும், நாட்டு அணியில் நெடுநாள் அறைத் தோழருமான கயெட்டானோ ஷிரேயா, யுஇஎஃப்ஏ கோப்பையின் முதல் சுற்றில் எதிர்கொள்ளவிருந்த குர்னிக் ஸாப்ஷே அணியை உளவு பார்க்கப் போலந்துக்குச் சென்றிருந்தபோது சாலை விபத்தில் இறந்தார். 1982-இல் ஸோஃபுக்கு முன்னே தடுப்பு வரிசையின் கடைசி ஆளாக நின்றவர் அவர். அந்தத் துக்கத்தோடு தொடங்கிய பருவத்தில் யுவென்டஸ் இரண்டு கோப்பைகளை வென்றது. இத்தாலியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தூரினில் மிலானோடு 0-0. 1990 ஏப்ரல் 25 அன்று மிலானின் சொந்த சான் சீரோ மைதானத்தில் காலியாவின் ஒரே கோலால் 1-0. அடுத்த மாதமே ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட அணி அந்த மிலான் என்பதை மறக்கக் கூடாது. மே மாதத்தில் யுஇஎஃப்ஏ கோப்பையின் இறுதியில் ராபர்ட்டோ பாஜ்ஜோ ஆடிய ஃபியோரென்டினாவைத் தூரினில் 3-1 என்று வென்று, அவெல்லினோவில் 0-0 என்று நிறுத்திக்கொண்டது.

இரண்டு கோப்பைகளோடு வந்தவருக்குக் கிடைத்தது வெளியேறும் கதவு. நிர்வாகம் மாறியிருந்தது; சாக்கியின் பாணியில் கவர்ச்சியாக ஆடும் அணி வேண்டும் என்று புதிய நிர்வாகம், கோப்பைகள் கைக்கு வருவதற்கு முன்பே, பொலோன்யா அணியின் லூயிஜி மாய்ஃப்ரேடியைத் தேர்ந்துவிட்டிருந்தது. பாஜ்ஜோவையும் பெரும் விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தார்கள். விளைவு, 1990-91 பருவத்தில் யுவென்டஸ் ஏழாம் இடம். பல்லாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ஐரோப்பியப் போட்டி எதற்கும் தகுதி இல்லை. மாய்ஃப்ரேடி ஒரே பருவத்தில் வெளியேறினார். ஸோஃப் தோற்ற பயிற்சியாளர் என்பவர்கள் இந்த இரண்டு பருவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

அடுத்துச் சேர்ந்த ரோம் நகரின் லாட்சியோ அணியில் ஸோஃப் செய்தது பொறுமையான வேலை. பதினொன்றாம் இடம், பத்தாம் இடம், ஐந்தாம் இடம், நான்காம் இடம் என்று 1990 முதல் 1994 வரையான நான்கு பருவங்களின் ஏறுமுகமே அதைச் சொல்லும். 1992-இல் செர்ஜோ கிராஞ்ஞோட்டி அணியின் உரிமையாளரானதும் பணம் வந்தது, பணத்தோடு ஃபோஜ்ஜா அணியின் பெப்பே சிஞ்ஞோரியும் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடித்த பால் காஸ்கோய்னும் வந்தார்கள். சிஞ்ஞோரி முதல் பருவத்திலேயே 26 கோல்களோடு லீக்கின் முதலிடம் பிடித்தார். காஸ்கோய்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஒரு நாளில் ஸோஃப் பேசும் சொற்களைக் காஸ்கோய்ன் ஒரு நிமிடத்தில் பேசிவிடுவார். அப்படி இருந்தும் அந்த இங்கிலாந்துக்காரருக்குத் தம் பயிற்சியாளர்களில் மிகவும் பிடித்தவர்களுள் ஒருவராக ஸோஃப் இருந்தார். 1992 நவம்பரில் ரோமா அணிக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் காஸ்கோய்ன் தலையால் முட்டி அடித்த சமன் கோல் லாட்சியோ ரசிகர்களுக்கு இன்றும் தித்திக்கும். பதினேழு வயது அலெஸ்ஸாந்திரோ நெஸ்டா 1994-இல் முதன்முதலாகக் களமிறங்கியதும் ஸோஃபின் கீழ்தான்.

1994-இல் அணியை ஸ்டெனெக் ஸெமனிடம் ஒப்படைத்துவிட்டு லாட்சியோவின் தலைவராக நிர்வாக இருக்கைக்கு மாறினார். 1997 ஜனவரியில் ஸெமன் நீக்கப்பட்டபோது தலைவரே மீண்டும் பயிற்சி உடை அணிந்து களத்துக்கு வந்து அந்தப் பருவத்தை நான்காம் இடத்தில் முடித்துக் கொடுத்தார். இத்தகைய இடைக்காலப் பணிகள் யாருடைய புகழையும் கூட்டுவதில்லை. குறைக்க மட்டுமே கூடும். அவர் தயங்கியதாகத் தெரியவில்லை.

1998 உலகக் கோப்பைக்குப் பின் செஸாரே மால்டினியின் இடத்தில் நாட்டு அணியின் பயிற்சியாளரானார். 2000 ஐரோப்பியக் கோப்பைக்கு முன் அவருக்கு நேர்ந்த இழப்புகள் சிறியவை அல்ல. முன்கள வீரர் கிறிஸ்டியன் வியேரி காயத்தால் விலகினார். போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு நார்வேயுடனான நட்பாட்டத்தில் முதன்மைக் கோல்கீப்பர் பஃபோனின் கை முறிந்தது. ஃப்ரான்செஸ்கோ டோல்டோ கோலில் நின்றார். துருக்கி, பெல்ஜியம், ஸ்வீடன், காலிறுதியில் ருமேனியா என நான்கு அணிகளையும் வென்று அரையிறுதிக்கு வந்தபோது எதிரே நெதர்லாந்து, அதுவும் ஆம்ஸ்டர்டாமில். அந்த ஆட்டத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இறுதியாட்டம் ஜூலை 2, ராட்டர்டாம், எதிரே பிரான்ஸ். இத்தாலியின் டோட்டி குதிகாலால் தள்ளிய பந்து பெஸ்ஸோட்டோவுக்குப் போய், அவர் உள்ளே அனுப்ப, டெல்வெக்கியோ அடித்தார், 1-0. டெல் பியேரோவுக்கு இரண்டு தெளிவான வாய்ப்புகள் வந்து வீணாயின. தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நேரத்தின் நான்காவது நிமிடம், இத்தாலியின் மாற்று வீரர்கள் தோளோடு தோள் கோத்துக் களத்துக்குள் ஓடக் காத்திருந்த வேளையில், பிரான்ஸ் கோல்கீப்பர் பார்த்தேஸ் நீளமாக அடித்த பந்தை ட்ரெஸெகே தலையால் நீட்ட, அது கன்னவாரோவைத் தாண்டி வில்டோரிடம் போய், அவர் அடித்தது டோல்டோவின் கையில் உரசி உள்ளே சென்றது. பின்னர் ஆடிய கூடுதல் நேரத்தில், 103-ஆவது நிமிடத்தில், முதலில் கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற ‘தங்க கோல்’ விதிப்படி ட்ரெஸெகே அடித்த கோல் எல்லாவற்றையும் முடித்தது.

மறுநாள், மிலான் அணியின் உரிமையாளரும் எதிர்க்கட்சித் தலைவருமான சில்வியோ பெர்லுஸ்கோனி, பிரான்ஸின் நடுக்கள நட்சத்திரம் ஸிடானை ஓர் ஆள் போட்டுக் கட்டாமல் விட்டது தகுதியற்ற செயல், கற்றுக்குட்டிக்கும் தெரிந்திருக்கும் என்ற பொருளில் பகிரங்கமாகப் பேசினார். ஸோஃப் ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி, தம் உழைப்பை இப்படி இழிவுபடுத்துவதை ஏற்க முடியாது என்று சொல்லிப் பதவி விலகினார். விலகியது மிகையான எதிர்வினை என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். என் பார்வையில் பெர்லுஸ்கோனியின் விமர்சனம் கால்பந்து என்ற அளவிலேயே பிழையானது: பிரான்ஸின் இரண்டு கோல்களில் ஒன்றுக்கும் ஸிடானின் கால் காரணமன்று. முதலாவது கோல்கீப்பரின் நீண்ட உதையிலிருந்து பிறந்தது. இரண்டாவது இடப்புறத்தில் பீரெஸ் புகுந்து கொடுத்தது. ஸோஃபைக் குறை சொல்ல வேண்டுமானால் வேறு இடத்தில் சொல்லலாம். 1-0 என்று முன்னிலை பெற்றபின் அணி பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கத் தெரிந்த ஒருவரை அவர் இறக்கவில்லை. அது நியாயமான விமர்சனம். ஆனால் முப்பது விநாடி கூடுதலாகத் தாங்கியிருந்தால் அதே ஆட்டம் முதிர்ந்த அறிவின் வெற்றி என்று எழுதப்பட்டிருக்கும் என்பதும் அதே அளவு நியாயம்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2001 ஜனவரியில், இங்கிலாந்து அணிக்குப் போன எரிக்சனின் இடத்தில் லாட்சியோவுக்குத் திரும்பி அந்தப் பருவத்தை மூன்றாம் இடத்தில் முடித்தார். அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே, செப்டம்பரில் நீக்கப்பட்டார். 2005 ஜனவரியில், கீழிறக்கத்தின் விளிம்பில் தள்ளாடிய ஃபியோரென்டினாவை ஏற்றார். அந்த அணி கடைசி நாளில் பிரெஷ்யாவை 3-0 என்று வென்று தப்பியது, பிரெஷ்யா கீழிறங்கியது. அடுத்த பருவத்துக்கு நிர்வாகம் சேசரே பிராண்டெல்லியைக் கொண்டுவந்தது. அறுபத்து மூன்று வயது ஸோஃப் அதன்பின் எந்த அணிக்கும் பயிற்சியளிக்கவில்லை.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் பதில்: லீக் பட்டம் வெல்லாத பயிற்சியாளர், ஆம், தோற்ற பயிற்சியாளர், இல்லை. பொறுப்பேற்ற அணிகளில் பெரும்பாலானவற்றைத் தாம் பெற்றுக்கொண்டதைவிட மேலான நிலையில் விட்டுச் சென்றிருக்கிறார். குறையும் உண்டு. புதிய ஆட்டமுறை எதையும் அவர் உருவாக்கவில்லை. பேர்ட்சோட்டிடமும் ட்ராபட்டோனியிடமும் கற்ற பழைய இத்தாலிய முறையைத்தான், அதாவது உறுதியான தடுப்பு, ஓர் ஓரத்தில் விரைந்தேறும் ஆள், முன்னால் விரைவான எதிர்த்தாக்குதல் என்ற அமைப்பைத்தான், காலத்துக்கேற்பச் சிறிது திருத்திப் பயன்படுத்தினார். சாக்கியோடு ஒப்பிட்டால் அவர் பின்தங்கியவரே.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பலரும் ராட்டர்டாம் இறுதியாட்டத்தைச் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2000 ஜூன் 29, நெதர்லாந்துடனான ஆம்ஸ்டர்டாம் அரையிறுதியைப் பாருங்கள். பெனால்டிகளுக்காக மட்டும் அதைப் பார்ப்பவர்கள் உண்டு. ஆட்டத்திலேயே ஃப்ராங்க் டி போயரின் பெனால்டியை டோல்டோ தடுத்தார், க்ளைவர்ட் கம்பத்தில் அடித்தார். ஷூட்-அவுட்டில் டி போயர், போஸ்வெல்ட் இருவரையும் டோல்டோ தடுக்க, ஸ்டாம் மேலே தூக்கி அடிக்க, இத்தாலி 3-1 என்று வென்றது. அதற்கிடையே டோட்டி, கோல்கீப்பர் பாய்ந்து விழும்வரை பொறுத்திருந்து பந்தை மெல்லக் கோலுக்குள் ஏந்திவிட்டார். இவை வேடிக்கைக்கு உரியவை. கற்றுக்கொள்ள வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

34-ஆவது நிமிடத்தில் ஸாம்ப்ரோட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறுகிறார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பத்துப் பேர். இந்த நிலையில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் உடனே ஒரு முன்கள வீரரை எடுத்துவிட்டு ஒரு தடுப்பாட்டக்காரரை இறக்குவார்கள். ஸோஃப் யாரையும் மாற்றவில்லை. அவருடைய முதல் மாற்றம் 67-ஆவது நிமிடத்தில்தான் வருகிறது. இருப்பவர்களையே நகர்த்தி ஓட்டையை அடைத்தார். டெல் பியேரோ இடப்புற நடுக்களத்துக்கு இறங்கி ஓடுவதையும், நெஸ்டாவும் கன்னவாரோவும் பந்தை நோக்கிப் பாயாமல் க்ளைவர்ட்டுக்கும் கோலுக்கும் இடையே உள்ள வழியை மட்டும் காத்து நிற்பதையும் கவனியுங்கள். நேரம் குறைவாக இருந்தால், அந்தச் சிவப்பு அட்டையிலிருந்து இடைவேளை வரையுள்ள பகுதியை மட்டும், பந்தைத் தொடராமல் இத்தாலியின் கடைசி நான்கு பேரைத் தொடர்ந்து பாருங்கள். அடுத்து 1990 ஏப்ரல் 25 சான் சீரோ ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், காலியாவின் கோலுக்குப் பிறகு யுவென்டஸ் நின்ற விதத்தை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.